கியர் ஆயிலும் மடி கட்டிய ஆடும்

காரை விற்றுவிடுவது என்று எங்கள் வீட்டில் முடிவானது ஷஅபான் மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சஹனைச் சுற்றி அமர்ந்திருந்தபோது. மகளின் கல்லூரிக் கட்டணத்தில் இரண்டாம் தவணையைச் செலுத்த இன்னும் மூன்று வாரங்களே இருந்தன. வளைகுடாவில் பதினேழு ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவனின் கையிருப்பு எவ்வளவு இருக்கும் என்பதை, இதை வாசிக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கார் 2010ஆம் ஆண்டு மாதிரி, ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு. தானே கியர் மாற்றிக்கொள்ளும் வகை. என் இடது முழங்கால் கிளட்ச் மிதிக்க ஒத்துழைக்க மறுத்ததால் நான்கு ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து வாங்கி வந்தது. அதுவரை யார் எப்படி ஓட்டினார்கள் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. நான் என்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றினேன். கியர் பெட்டியின் ஆயிலை ஒரு முறைகூட மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்பதே தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியாது. வளைகுடாவில் நான் பார்த்த வேலையே ஒரு வாகனப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் கணக்கெழுதுவதுதான். ஆயில் டப்பாக்களின் பெயரும் எண்ணும் எனக்கு மனப்பாடம். அவற்றில் ஒன்றையேனும் என் கையால் திறந்ததில்லை, அவ்வளவுதான்.

சில மாதங்களாகவே வண்டி சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் முதன்முதலாக எடுக்கும்போது கியர் தண்டை 'டி'க்குக் கொண்டுவந்த பிறகு ஓரிரு நொடிகள் ஒன்றும் நிகழாது. பிறகு ஒரு குலுக்கலுடன் நகரும். ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில், சாலையில் வரிசையாக எழுப்பிய சிறு மேடுகளின் மேல் ஓடுவதைப் போன்ற ஒரு நடுக்கம் வந்து மறையும். ஊரிலுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆயிலை மாத்திடுங்க காக்கா, நடுக்கம் போயிடும். போன சூட்டோடயே வித்துடுங்க."

அந்தப் பேச்சின் முதற்பாதியை மட்டும் அப்போது நான் காதில் வாங்கினேன்.

கூலியை மிச்சப்படுத்தலாம் என்று வீட்டிலேயே மாற்றத் துணிந்தேன். வீடு என்றால் மனைவியின் வீடு. காயல்பட்டினத்து வழக்கம் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. மாமியாரின் முற்றத்தில் ஆயில் சிந்துவது எப்பேர்ப்பட்ட துணிச்சல் என்பதும் அவர்களுக்குப் புரியும். பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து மூன்றடுக்காக விரித்த பிறகே மாமியிடம் அனுமதி கேட்டேன்.

இந்த ஆயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் பலரும் இதைச் சாதாரண மசகு எண்ணெய் என்றே எண்ணுகிறார்கள். கையால் கியர் மாற்றும் வண்டியில் என்ஜினின் விசை கிளட்ச் தகட்டின் வழியே சக்கரத்துக்குப் போகிறது. தானியங்கி வண்டியில் என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்ற ஒரு மூடிய உருண்டை இருக்கிறது. அதனுள் எதிரெதிரே இரண்டு விசிறிகள். என்ஜின் ஒரு விசிறியைச் சுழற்ற, அது ஆயிலை வீசியடிக்க, அந்த வேகத்தில் மறு விசிறி சுழல்கிறது. சிக்னலில் கியரைப் போட்டபடியே வண்டியை நிறுத்தி வைக்க முடிவது, நடுவில் இருப்பது திரவம் என்பதால்தான். அதற்கப்பால், பெட்டிக்குள் அடுக்கடுக்காக உள்ள கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிப்பதும் விடுவிப்பதும் அதே ஆயிலின் அழுத்தம். சூட்டைச் சுமந்து வெளியேற்றுவதும் அதுவே. பற்சக்கரங்கள் வழுக்கிச் செல்ல வேண்டும், ஆனால் தகடுகள் வழுக்காமல் பிடிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டையும் ஒரே திரவத்திடம் கேட்கிறோம்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், 1940ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில் 'ஹைட்ராமேட்டிக்' என்ற பெயரில் தானியங்கிக் கியரைப் பெருமளவில் விற்கத் தொடங்கியது. இந்த வகை ஆயிலில் நெடுங்காலம் திமிங்கிலக் கொழுப்பிலிருந்து எடுத்த எண்ணெயும் கலந்திருந்தது. நம் அத்தர்க் கடைக்காரர்கள் போற்றும் அம்பரைத் தருகிற அதே திமிங்கிலம்! பசியோடு கடற்கரையில் திரிந்த நபித்தோழர்களின் படைக்கு அல்லாஹ் கடலிலிருந்து கரையொதுக்கிக் கொடுத்த பெரும் மீனுக்கும் ஹதீஸில் 'அம்பர்' என்றே பெயர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சட்டம் அந்தத் திமிங்கிலத்துக்குப் பாதுகாப்பளித்த பிறகு, ஆயில் நிறுவனங்கள் மாற்றுச் சேர்மங்களைத் தேடிக்கொண்டன. கியர் பெட்டிக்கடியில் படுத்திருக்கும்போது நினைப்பதற்கு இது பொருத்தமான செய்தியா என்று கேட்காதீர்கள். அங்கே படுத்திருப்பவனுக்கு வேறு பொழுதுபோக்கில்லை.

முயன்று பார்க்க விரும்பும் சகோதரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆட்டோமேட்டிக் என்று விற்கப்படும் எல்லா வண்டியும் ஒன்றல்ல. நம் நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றில் இருப்பது சாதாரணக் கியர் பெட்டிதான். கிளட்சை மிதிக்கும் வேலையை மட்டும் ஒரு கருவி செய்கிறது. அதை ஏ.எம்.டி. என்பார்கள். சி.வி.டி. என்பது பட்டை ஓடும் வேறொரு வகை; அதற்கு ஆயிலும் வேறு. ஒன்றின் ஆயிலை மற்றொன்றில் ஊற்றினால் கியர் பெட்டி கெடும். கையேட்டில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறதோ அதையே வாங்க வேண்டும். ஆயில் அளவைப் பார்க்கும் கம்பியே இல்லாத வண்டிகளும் உண்டு. குறித்த வெப்பநிலையில் வழிந்தோட விட்டு அளவு பார்க்க வேண்டிய அவற்றை வீட்டில் தொடாதிருப்பதே நலம்.

எங்கள் வண்டியில் கம்பி இருந்தது. பெட்டியில் மொத்தம் ஏறக்குறைய ஆறு லிட்டர் ஆயில். அடியிலுள்ள திருகாணியைக் கழற்றினால் வெளியேறுவது இரண்டரை லிட்டர் மட்டுமே. மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே ஒரு முறை மாற்றி, சில கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் மாற்றி, மூன்றாம் முறையும் மாற்றினால்தான் ஐந்தில் நான்கு பங்கு புதிதாகும். எட்டு லிட்டர் வாங்கி வைத்தேன்.

சனிக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பின் தொடங்கினோம். நானும் பதினாறு வயது மகனும். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி, ஆயிலை வெதுவெதுப்பாக்கிக் கொண்டு, ஜாக்கியில் உயர்த்தி, நான்கு பக்கமும் இரும்புத் தாங்கிகளை நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் யாரும் தலையை நுழைக்கக் கூடாது. இதை மகனிடம் மூன்று முறை சொன்னேன். நான்காம் முறை அவன் எனக்கே திருப்பிச் சொன்னான்.

வடிக்கும் திருகாணியைத் தொடுமுன், ஆயில் கம்பி தடையின்றி வெளியே வருகிறதா, புனலின் குழாய் அந்தத் துளையில் நுழைகிறதா என்று பார்த்துக்கொண்டோம். வடித்துவிட்டு, ஊற்ற வழியின்றி நின்றவர்களைப் பணிமனையில் கண்டிருக்கிறேன். எது கியர் பெட்டியின் திருகாணி, எது என்ஜினுடையது என்பதையும் கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டோம். என்ஜின் ஆயிலை வடித்துவிட்டுக் கியர் பெட்டியில் மேலும் இரண்டரை லிட்டர் ஊற்றியவர்களின் கதையும் அந்தக் கிடங்கில் நான் கேட்டதுதான்.

பிறகு முக்கால் மணி நேரம் அந்தத் திருகாணியோடு போராட்டம். நம் ஊரில் இரும்பு எதுவானாலும் கடற்காற்று அதை உண்ணாமல் விடுவதில்லை. துருவிளக்கும் எண்ணெயை அடித்து, காத்திருந்து, ராட்செட்டின் கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி அழுத்தியபோது, 'டக்' என்று ஓர் ஓசை. உடைந்துவிட்டதோ என்று நெஞ்சு அடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், இளகியதுதான்.

இந்த ஆயில் புதிதாக இருக்கையில் ரோஜா சர்பத்தின் நிறம். கசிந்தால் என்ஜின் ஆயிலிலிருந்து வேறுபடுத்திக் காண வேண்டும் என்பதற்காகவே சிவப்புச் சாயம் சேர்க்கிறார்கள். எங்கள் தட்டில் விழுந்ததோ ஆறிப்போன கடுங்காப்பியின் நிறத்தில் இருந்தது. இலேசான தீய்ந்த நாற்றமும் அடித்தது. மகன் முகம் சுளித்தான். நான் திருகாணியைத் திருப்பிப் பார்த்தேன்.

அந்தத் திருகாணியின் நுனியில் ஒரு காந்தம் உண்டு. தகடுகளும் பற்சக்கரங்களும் தேய்ந்து உதிரும் இரும்புத் துகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சாம்பல் நிறத்தில் சுர்மாவைப் போல மென்மையான பசை அதில் ஒட்டியிருப்பது இயல்பு. ஓடிய வண்டியில் அது இருந்தே தீரும். எங்கள் காந்தத்திலும் இருந்தது. விரலால் வழித்தேன். அந்தப் பசைக்குள் நெருடலாக ஏதோ தட்டுப்பட்டது. வெயிலில் பிடித்துப் பார்த்தால், நகத்தை வெட்டியதுபோல் மூன்று மெல்லிய உலோகச் சீவல்கள்.

பசை, தேய்மானத்தின் அடையாளம். சீவல், எங்கோ ஒன்று உடைந்ததன் அடையாளமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த காலத்தில் உதிர்ந்த பிசிறாகவும் இருக்கக்கூடும். மகனின் நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழிக்கச் சொல்லி, அம்மூன்றையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

வடிந்ததைக் கோடிட்ட பாத்திரத்தில் அளந்து, அதே அளவு புதியதை ஊற்றினோம். திருகாணிக்குப் புது வாஷர் போட்டோம். பழையதைத் திரும்பப் போட்டால் கசியும். என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில நொடிகள் நிறுத்தினோம். குளிர்விசிறி இருமுறை சுற்றி நின்றதும் என்ஜினை அணைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் கம்பியைத் துடைத்து நுழைத்து அளவு பார்த்தோம். சில நிறுவனங்களின் வண்டிகளில் என்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். இதிலும் கையேட்டின் சொல்லே இறுதி.

அதற்குள் அஸர் பாங்கு ஒலித்தது. இரு கைகளிலும் ஆயிலும் பழைய கிரீஸும், நகக்கண்களில் கறுப்பு. தோலில் தண்ணீர் படாமல் தடுக்கும் படிவம் இருந்தால் உளூ நிறைவேறாது. மருதாணியைப் போல வெறும் நிறம் மட்டும் தங்கினால் குற்றமில்லை. சிறுவயதில் மத்ரஸாவில் படித்த இந்தச் சட்டம் வாழ்நாளில் முதன்முறையாக எனக்கு வேலை வைத்தது. தேங்காயெண்ணெய் தேய்த்து இளக்கி, சர்க்கரையும் சோப்புத்தூளும் கலந்து உரசி, பழைய பல்துலக்கியால் நகத்துக்கடியில் தேய்த்து முடிப்பதற்குள் ஜமாஅத் தவறியது. வீட்டிலேயே மகனை நிறுத்திக்கொண்டு தொழுதேன்.

அடுத்த ஒரு வாரத்தில் இன்னும் இரண்டு முறை மாற்றினோம். இரண்டாம் முறை ஆயில் வெளிறிய சிவப்பில் வந்தது. மூன்றாம் முறை பெரும்பாலும் தெளிவு. காந்தத்தில் பசை மட்டுமே இருந்தது. திருச்செந்தூர்ச் சாலையில் வீரபாண்டியன்பட்டினம் தாண்டி ஓட்டிப் பார்த்தேன். ஐம்பது, அறுபது, எழுபது... நடுக்கம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. காலை நேரத் தாமதமும் அரை நொடியாகச் சுருங்கிவிட்டது. மெக்கானிக் சொன்னபடியே நடந்தது. அவருடைய பேச்சின் பிற்பாதியும் இப்போது என் காதில் விழுந்தது.

வாங்குவதற்கு ஆள் ஏற்கெனவே இருந்தார். பக்கத்து ஊரில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் இளைஞர். தாயாரை வாரம் இருமுறை டயாலிசிஸுக்காகத் திருநெல்வேலிக்கு அழைத்துச் செல்கிறார். பேருந்தில் அந்த அம்மையாரால் முடியவில்லை. வெளிநாட்டிலுள்ள தம்பி பணம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். வந்து ஓட்டிப் பார்த்தார். வண்டி வெண்ணெய்போல் ஓடியது. விலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. "நான் வண்டியைப் பற்றி என்ன கண்டேன்? நீங்கள் நல்லது என்று சொன்னால் போதும் காக்கா" என்றார். மறுநாள் முன்பணம் தருவதாகச் சொல்லிச் சென்றார்.

அன்றிரவு எனக்குள் நடந்த வழக்கை ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் ஏமாற்றவில்லை. செய்ய வேண்டிய பராமரிப்பைச் செய்திருக்கிறேன். விலையுயர்ந்த ஆயிலை மும்முறை ஊற்றியிருக்கிறேன். அவரே ஓட்டிப் பார்த்தார். சீவல் ஒரு முறை வந்தது, பிறகு வரவில்லை. ஒன்றுமில்லாததைச் சொல்லி ஏன் கலவரப்படுத்த வேண்டும்? மகளின் கட்டணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

ஒவ்வொரு வாதமும் சரியாகவே இருந்தது. சட்டைப்பையிலிருந்து மேசை இழுப்பறைக்கு இடம் மாறியிருந்த அந்தத் தாள் மட்டுமே உறுத்தியது. பணிமனையில் கொடுத்து மாற்றியிருந்தால் அந்தக் காந்தத்தை நான் பார்த்திருக்கவே மாட்டேன். 'எனக்குத் தெரியாது' என்று மனமறிந்து சொல்லியிருப்பேன். அது பொய்யாகவும் இருந்திருக்காது. கூலியை மிச்சம் பிடிக்கப் போய் அந்த வசதியை நான் இழந்துவிட்டேன்.

ஸுப்ஹு தொழுகைக்குப் பின் எங்கள் பள்ளியில் ஹஜ்ரத் ஹதீஸ் நூலொன்றை வரிசையாக வாசித்து விளக்குவார். சில வாரங்களுக்கு முன் வியாபாரத்தைப் பற்றிய பாடம் வந்தது. விற்பதற்கு முன் ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாள் கறக்காமல் விட்டு, மடியில் பால் கட்டச்செய்து, நிறையப் பால் தரும் பிராணி என்று வாங்குபவரை எண்ணவைக்கும் பழக்கத்தைக் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவர் கறந்து பார்த்த பிறகு, விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தோடு திருப்பிக் கொடுக்கலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. அன்று அதைக் கேட்டபோது, அரபு நாட்டு ஆட்டுச் சந்தையைப் பற்றிய சங்கதி என்றே நினைத்துக்கொண்டேன். நம் வீட்டில் ஆடு ஏது?

அந்தச் சந்தைக்காரன் மடியில் வேறெதையும் கலக்கவில்லை. ஆட்டின் சொந்தப் பாலைத்தான் காட்டினான். பார்ப்பவர் கண்ணால் பார்த்தார். படுக்கையில் புரண்டபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் இஷாவுக்குப் பின் அந்த இளைஞர் பணத்தோடு வந்தார். திண்ணையில் உட்காரவைத்துத் தாளைப் பிரித்துக் காட்டினேன். "என்ன காக்கா இது, நகத்துண்டு மாதிரி?" என்றார். நடுக்கம் இருந்ததையும், ஆயில் மாற்றியதும் அது மறைந்ததையும், இந்த மூன்று சீவல்களையும் சொன்னேன்.

"எவ்வளவு நாள் ஓடும்?"

"தெரியாது தம்பி. பத்து வருடமும் ஓடலாம். பத்தாம் நாளே நிற்கவும் செய்யலாம்."

நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். விலையைக் குறைத்துக்கொள்ளச் சம்மதம் என்றேன். வேறு மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்றும் சொன்னேன். "உம்மாவோடு நடுவழியில் நின்றுவிட்டால்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். தம்பியிடம் கேட்டுச் சொல்வதாக விடைபெற்றார். பத்து நாள் கழித்து, கையால் கியர் மாற்றும் பழைய வண்டியொன்றை வேறெங்கோ வாங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. வழியில் கண்டால் முன்னைவிடச் சற்று நீளமாக ஸலாம் சொல்கிறார்.

மகளின் கட்டணத்துக்கு மனைவியின் இரண்டு வளையல்கள் போயின. அவள் குறைசொல்லவில்லை. ஒரே ஒரு முறை, சோறு பரிமாறிக்கொண்டே, "அந்தத் தாளைக் காட்டாமல் வாயால் மட்டும் சொல்லியிருக்கலாமே" என்றாள். எனக்குப் பதில் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

வடித்த பழைய ஆயிலை, வாங்கிய டப்பாக்களிலேயே அடைத்துப் பணிமனையில் சேர்த்தேன். கழிவு எண்ணெய் சேகரிப்பவர்கள் அங்கு வந்து எடுத்துப் போகிறார்கள். தென்னை மூட்டில் ஊற்றினால் கறையான் வராது என்று யோசனை சொன்ன பெரியவர்கள் உண்டு. நம்முடையது மணல் பூமி. ஊற்றியது நேரே கிணற்றுக்கு இறங்கும். சட்டமும் அதை அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரத்தில், வண்டி மேலும் நாலாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்த நிலையில், எஞ்சிய பழைய ஆயிலையும் குறைத்துவிடலாம் என்று மீண்டும் அட்டைகளை விரித்தோம். இம்முறை வண்டிக்கடியில் படுத்தது மகன். திருகாணி எளிதாக இளகியது; ஆயில் சிவப்பு மாறாமல் இறங்கியது. காந்தத்தை அவனே வழித்து, விரல்களுக்கிடையே பலமுறை உரசி, வெயிலுக்கு நேராகப் பிடித்தான்.

"வெறும் பசைதான் வாப்பா."

நானும் வாங்கி உரசிப் பார்த்தேன். நெருடல் எதுவும் இல்லை. துணியால் துடைத்து, புது வாஷரைப் போட்டுத் திருகச் சொல்லிவிட்டு, வடிந்ததை அளந்தேன். சரியாக இரண்டரை லிட்டர்.